இரும்பும் சொல்லிவிட்டுத்தான் ஒடிகிறது

சில ஆண்டுகளுக்கு முன், லுக்குட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். பெயர் சொன்னால் அந்த ஒரு தோட்டத்துக் கதையாகப் போய்விடும். இது எல்லாத் தோட்டத்துக்கும் உரிய கதை.

காலை பெரட்டு முடிந்து, செம்பனைக் குலை வெட்டும் தோழர்களை ஏற்றிக்கொண்டு டிராக்டர் மேட்டிலிருந்து இறங்கியது. பாதி இறக்கத்தில் டிரெய்லரின் இடது பக்கத்து அச்சு ஒடிந்தது. சக்கரம் தனியே உருண்டு கானில் விழுந்தது. டிரெய்லர் சாய்ந்தது. மூன்று பேருக்குச் சிராய்ப்போடு போயிற்று. நாலாவது தோழரின் கால் அடியில் மாட்டிக்கொண்டது. உயிர் பிழைத்தார். ஆனால் அன்றோடு அவர் குலை வெட்டும் அரிவாளைத் தோளில் தூக்குவது நின்றது.

தொழிற்சங்கத்திலிருந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆபீசில் கிடைத்த பதில் ஒரே வரிதான்: "திடீர்னு ஒடைஞ்சு போச்சு, யாருக்குத் தெரியும்?"

வெளியே வந்தோம். பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், ஒடிந்த அச்சுத் துண்டைத் துணியால் துடைத்து எங்கள் கையில் கொடுத்தார்.

"தம்பி, ஒடைஞ்ச மொகத்தப் பாருங்க. ரெண்டு நெறமா இருக்கா?"

இருந்தது. ஒரு பாதி கறுத்து, வழவழப்பாக, கிளிஞ்சலின் முதுகில் இருப்பதுபோல் வரிவரியாக இருந்தது. மறுபாதி உடைத்த கற்கண்டு மாதிரி பளபளவென்று சொரசொரப்பாக இருந்தது.

"பளபளன்னு இருக்குதே, அதுதான் இன்னிக்கு ஒடைஞ்சது. கறுத்துக் கெடக்குறது மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா பொளந்துக்கிட்டு வந்தது. இரும்பு சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. நாமதான் கேக்கல."

உண்மையில் கேட்டவர் ஒருவர் இருந்தார். டிராக்டர் ஓட்டிய தோழர் மூன்று வாரத்துக்கு முன்பே, "சக்கரம் ஆடுது" என்று மண்டோரிடம் சொல்லியிருக்கிறார். மண்டோர் பட்டறையில் சொன்னாராம். பட்டறையில் யாருக்கும் நினைவில்லையாம். விசாரணையில் கடைசியாக நின்றது, "அப்படி ஒரு புகார் வந்ததாகப் பதிவு இல்லை" என்பதுதான். வாயால் சொன்னது காற்றோடு போயிற்று. கால் போனது மட்டும் போகவில்லை.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது. அந்த அச்சாணி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும். அதற்கென்று ஒரு கணக்கே இருக்கிறது. அந்தக் கணக்கை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறோம்.

ரயில் அச்சு கற்றுக்கொடுத்த பாடம்

இந்தக் கணக்கு பிறந்ததே ஒரு பெரிய சாவு வீட்டில்தான். 1842 மே 8-ஆம் தேதி, பிரான்சில் வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் முன் எஞ்சினில் அச்சு ஒடிந்தது. பின்னால் வந்த வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. பெட்டிக் கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்ததால் உள்ளே இருந்தவர்களால் இறங்க முடியவில்லை. 50 பேருக்கு மேல் மாண்டனர்.

நல்ல இரும்பு, தாங்கக்கூடிய பாரம், பிறகு ஏன் ஒடிந்தது? அந்தக் காலத்துப் பொறியாளர்களைக் குடைந்த கேள்வி இது. தெளிவான விடை தந்தவர் பிரஷ்ய நாட்டு ரயில்வேயில் வேலை செய்த ஆகஸ்ட் வோலர். 1850களிலிருந்து 1870 வரை, இரும்புக் கம்பிகளை மெஷினில் மாட்டிச் சுழல விட்டு, எத்தனை சுற்றில் ஒடிகின்றன என்று எண்ணிக்கொண்டே இருந்தார். அவர் கண்டது இதுதான்: ஒரே தடவை வைத்தால் இரும்பு சுலபமாகத் தாங்குகிற பாரமே, லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப விழுந்தால் அதை ஒடித்துவிடும். பாரம் கூடக்கூடத் தாங்கும் தடவை குறையும்.

இதைப் புரிந்துகொள்ள மெஷின் எதுவும் வேண்டாம். வேலிக் கம்பியை ஒடிக்க நாம் என்ன செய்கிறோம்? இழுத்து ஒடிக்க முடிகிறதா? இல்லை. இப்படியும் அப்படியும் மடக்குகிறோம். பத்துப் பதினைந்து மடக்கில் 'டக்'கென்று ஒடிகிறது. அதேதான். ரயில் அச்சு சக்கரத்தோடு சேர்ந்து சுழல்வதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை வளைந்து நிமிர்கிறது. நம்ம டிரெய்லர் அச்சு சுழலாது. ஆனால் செம்மண் ரோட்டில் ஒவ்வொரு குழியும், ஒவ்வொரு கல்லும், ஒவ்வொரு வேரும் அதற்கு ஒரு மடக்கு. ஒரு நாளைக்கு எத்தனை குழி? வருஷத்துக்கு எத்தனை? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பிளவு எங்கே பிறக்கும் என்பதற்கும் விதி உண்டு. தடிமன் திடீரென்று மாறும் மூலையில், ஆணி ஓட்டை போட்ட இடத்தில், வெல்டிங் வைத்த ஓரத்தில், துருப்பிடித்துக் குழி விழுந்த இடத்தில் பிறக்கும். ஒடிந்த அச்சை வெல்டிங் வைத்து மறுபடி மாட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பாரம் ஏற்றினால் ஆயுள் இறங்கும்

சக்கரத்திலும், ஆலையின் கன்வேயரிலும், பம்பிலும் இருக்கும் பேரிங்குக்கும் ஆயுள் கணக்கு உண்டு. சுவீடன் நாட்டைச் சேர்ந்த லுண்ட்பெர்க், பால்ம்கிரென் என்ற இருவர் 1947-இல் இதை முறையாக வகுத்தார்கள். ஒரே மாதிரியான 100 பேரிங்கை ஒரே பாரத்தில் ஓட்டினால், அவற்றில் 90 எத்தனை சுற்றுவரை கெடாமல் தாங்குமோ, அதுதான் அந்த பேரிங்கின் கணக்கு ஆயுள். மீதி 10 அதற்கு முன்பே போய்விடலாம். ஆக, ஆயுள் கணக்கு என்பது ஜோசியம் அல்ல. 'இத்தனை நாள் நிச்சயம்' என்று அது சொல்லவில்லை. 'இதற்கு மேல் நம்பி ஓட்டாதே' என்றுதான் எச்சரிக்கிறது.

இந்தக் கணக்கில் நாம் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்று. பந்து பேரிங்கின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். உருளை பேரிங் என்றால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கால் பங்கு பாரம் கூடினாலே ஆயுள் பாதிக்குப் பாதி போய்விடும். "இன்னும் நாலு குலை ஏத்து, ஒரு நடை மிச்சம்" என்று சொல்லும்போது மிச்சமாவது எண்ணெய்க் காசு. செலவாவது அச்சும் பேரிங்கும். அவை ஒடியும்போது மேலே உட்கார்ந்திருப்பது யார் என்பதை நாம் கேட்கத்தான் வேண்டும்.

மில்லிமீட்டரில் மீதி ஆயுள்

இனி ஆலைக்குள் போவோம். குலைகளை அவிக்கும் ஸ்டெரிலைசர் ஏறக்குறைய 3 பார் நீராவி அழுத்தத்தில், 140 பாகை வெப்பத்தில், ஒவ்வொரு தடவையும் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி நேரம் குலையை அவிக்கிறது. அவிந்த குலையிலிருந்து வடியும் நீர் புளிப்புத் தன்மை உடையது. அது அடியில் தேங்கி இரும்புத் தகட்டை அரிக்கிறது. மேலே பார்த்தால் பெயிண்ட் அடித்து அழகாக இருக்கும். உள்ளே தகடு தேய்ந்துகொண்டே வரும்.

இதன் மீதி ஆயுளைக் கண்டுபிடிக்கும் முறை நம் பிள்ளைகள் பள்ளியில் போடும் கணக்குத்தான். ஒலி அலையால் தகட்டின் தடிமனை அளக்கும் சிறு கருவி உண்டு. தகட்டை ஓட்டை போடாமலே தடிமன் தெரிந்துவிடும். போர்ட்டிக்சன் கடற்கரையில் 1960களில் எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் போன்ற இடங்களில் குழாய்களை இப்படித்தான் அளப்பார்கள். அந்த வேலைக்குப் போன தோட்டத்துப் பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். புதிதாக இருந்தபோது தகடு 16 மில்லிமீட்டர். பத்து வருஷம் கழித்து அளந்தால் 14. ஆக, வருஷத்துக்கு 0.2 மில்லிமீட்டர் தேய்கிறது. பாதுகாப்புக்குக் குறைந்தது 12 மில்லிமீட்டர் வேண்டும் என்று வடிவமைத்தவர் சொல்லியிருக்கிறார். மீதி இருப்பது 2 மில்லிமீட்டர். 2-ஐ 0.2-ஆல் வகுத்தால் 10 வருஷம். அதுதான் மீதி ஆயுள். ஆனால் அந்தப் பத்து வருஷமும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக் கூடாது. பாதி ஆயுள் கழிவதற்குள் மறுபடி அளக்க வேண்டும் என்பது இத்தொழிலில் உள்ள வழக்கம். மறுமுறை அளக்கும்போது தேய்மானம் கூடியிருந்தால், கூடிய கணக்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்குக்கு என்ன தேவை? இரண்டு அளவு, இரண்டு தேதி. பழைய அளவைப் பதிவு செய்து வைக்காத ஆலையில் எந்தப் பெரிய இன்ஜினியர் வந்தாலும் மீதி ஆயுளைச் சொல்ல முடியாது.

சூட்டுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. தாய்த்தமிழ்நாட்டில், திருச்சியில் பெரிய பாய்லர் தொழிற்சாலை இருப்பது பலருக்குத் தெரியும். இந்திய நாட்டு பாய்லர் விதிகளின்படி, 400 பாகைக்கு மேல் சூட்டில் வேலை செய்யும் பாய்லர் பாகங்கள் ஒரு லட்சம் மணி நேரம் ஓடி முடித்ததும், மீதி ஆயுள் எவ்வளவு என்று சோதிக்கப்பட வேண்டும். இரவு பகல் ஓடினால் ஒரு லட்சம் மணி நேரம் என்பது ஏறக்குறைய 11 வருஷம் 5 மாதம். எத்தனை மணி ஓடியது என்று யாராவது எழுதி வைத்திருந்தால்தானே அதுவும் தெரியும்?

பொறுக்கும் கையும் அரையும் திருகும்

'இதெல்லாம் ஆலைக்காரர்கள் வேலை, வெளிக்காட்டில் இருக்கும் நமக்கென்ன?' என்று அம்மாக்கள் நினைக்கலாம். அப்படி அல்ல. உதிரிப் பழத்தை மண்ணோடும் கல்லோடும் வாரிப் போட்டால், அந்த மண் பிழியும் மெஷினின் திருகை அரம்போல அராவுகிறது. திருகு தேயத் தேய இடைவெளி கூடுகிறது. பிழிந்த சக்கையோடு எண்ணெய் வீணாகப் போகிறது. சக்கையில் மிஞ்சும் எண்ணெயை ஆலையின் லேபில் சோதிக்கிறார்கள் அல்லவா? அந்தக் கணக்கு ஏறிக்கொண்டே போனால் திருகின் ஆயுள் இறங்கிக்கொண்டே வருகிறது என்று அர்த்தம். ஆகவே காட்டில் பொறுக்கும் கைக்கும் ஆலையில் சுற்றும் இரும்புக்கும் உறவு உண்டு. அதே சமயம், சுத்தமாகப் பொறுக்க நேரம் வேண்டும், நல்ல சாக்கு வேண்டும், நியாயமான கூலி வேண்டும். அவசரப்படுத்திவிட்டு மண் வருகிறதே என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை.

வயது மட்டும் போதாது

'புதுசுதானே, ஒன்றும் ஆகாது' என்பது ஒரு பேச்சு. 'பழசு, மாற்றிவிட்டால் சரியாகிவிடும்' என்பது இன்னொரு பேச்சு. இரண்டும் முழு உண்மை அல்ல. 1978-இல் அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனத்தைச் சேர்ந்த நவ்லன், ஹீப் என்ற இருவர் விமானப் பாகங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தார்கள். வயது ஏற ஏறக் கெடும் தன்மை, பாகங்களில் 100-க்கு 11-இல்தான் தெரிந்தது. மற்றவை எந்த வயதிலும் கெடலாம். புதிதாக மாட்டியதில் தவறு இருந்தால் முதல் வாரமே கெடலாம். ஆகவே தேதியைப் பார்த்து மாற்றுவது மட்டும் போதாது. ஓடும்போது அதன் நிலைமையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நோய் வருமுன் உடம்பு காட்டுவதுபோல் பேரிங்கும் படிப்படியாகக் காட்டும். பொதுவாக முதலில் அதிர்வு மாறும். கருவி வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும். பிறகு எண்ணெயிலும் கிரீசிலும் இரும்புத் தூள் மின்னும். பிறகு சத்தம். பிறகு சூடு. கடைசியில் புகை. நம் காதில் சத்தம் விழுகிறது என்றால் பாதிக் கதை முடிந்துவிட்டது என்று பொருள். சூடு தெரிந்தால் நாள்களைத்தான் எண்ண வேண்டும். புகை வந்தால் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை, நிறுத்த வேண்டியதுதான்.

கருவி வாங்கக் காசில்லை என்று சொல்லும் இடத்திலும் காது இருக்கிறது. எட்டு மணி நேரம் அந்த மெஷின் பக்கத்தில் நிற்பவன் காதைவிட அதன் சத்தத்தை அறிந்தவர் யார்? "நேத்து மாதிரி இல்ல, இன்னிக்கு வேற மாதிரி கத்துது" என்று ஷிப்டுத் தோழர் சொன்னால், அது முதல்தரமான அளவு. ஆனால் ஒரு விஷயம்: ஓடும் மெஷினில் கை வைத்துச் சூடு பார்க்காதீர்கள். மூடியைக் கழற்றி எட்டிப் பார்க்காதீர்கள். பேரிங் போனால் புதுசு மாட்டலாம். விரல் போனால் மாட்ட ஸ்டோரில் சரக்கு இல்லை.

எழுதி வையுங்கள்

இனி நாம் செய்ய வேண்டியது என்ன? ஒவ்வொரு டிராக்டருக்கும், ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம். பத்துக் காரியம் வேண்டாம், ஐந்து போதும். தேதி. எத்தனை மணி நேரம் அல்லது எத்தனை நடை ஓடியது. கண்டது என்ன: சத்தமா, ஆட்டமா, ஒழுக்கா, சூடா. யாரிடம் சொன்னோம். அவர் கையெழுத்து. கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்தார் என்று எழுதுங்கள். கையில் போன் இருக்கும் காலம் இது. பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஆடும் சக்கரத்தையும் படம் எடுங்கள்.

இன்று நம்மோடு வங்காளதேசம், இந்தோனேசியாவிலிருந்து வந்த தோழர்களும் நிற்கிறார்கள். அவர்களுக்கு மொழி தடையாக இருக்கலாம். சத்தம் கேட்கும் காதுக்கு மொழி கிடையாது. அவர்கள் சொல்வதையும் சேர்த்து எழுதுங்கள்.

சட்டம் நம் பக்கம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தொழிற்சாலைகளையும் இயந்திரங்களையும் பற்றிய 1967-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிவுற்றது. பாய்லர், அழுத்தக் கலன், பளு தூக்கி ஆகியவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி போய்விடவில்லை. அது இப்போது 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. உங்கள் ஆலையின் ஸ்டெரிலைசருக்கு அந்தச் சான்றிதழ் இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். 40 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் நம் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். பாதுகாப்பைப் பற்றிப் புகார் செய்தார் என்பதற்காக ஒருவரை வேலை நீக்கம் செய்யக் கூடாது. திருத்தப்பட்ட சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. ஆபத்து கண்ணெதிரே இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை அகற்ற நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். கடமை தவறும் முதலாளிக்கு முன்பு 50,000 வெள்ளிவரை இருந்த அபராதம் இப்போது 500,000 வெள்ளிவரை உயர்ந்திருக்கிறது.

ஆனால் சட்டம் பேச வேண்டுமானால் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சிதான் நோட்டுப் புத்தகம். அந்த டிராக்டர் தோழர் மூன்று வாரத்துக்கு முன் சொன்ன அதே இரண்டு சொல்லை, 'சக்கரம் ஆடுது' என்று தேதி போட்டு எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால், ஒன்று அச்சு மாற்றப்பட்டிருக்கும். இல்லையென்றால் பதிவு இல்லை என்று சொல்லும் துணிவாவது யாருக்கும் வந்திருக்காது. இதை அவரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. எழுதச் சொல்லித் தராதது எங்கள் குறை. அதை ஒப்புக்கொள்கிறோம்.

அந்தத் தோட்டத்தில் இப்போது டிராக்டர் இருக்கைக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எண்ணெய்க் கறை படிந்த பிளாஸ்டிக் உறை போட்ட புத்தகம். போன மாதம் நாங்கள் போயிருந்தபோது புரட்டிப் பார்த்தோம். "வலது சக்கரம், நட்டு ரெண்டு லூஸ். முறுக்கியாச்சு" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. கீழே பட்டறைக் கையெழுத்து. அவ்வளவுதான். அன்று யாரும் விழவில்லை. அதனால் அது செய்தியாகவும் வரவில்லை.

அப்படிச் செய்தியாக வராத நாள்கள் உங்கள் தோட்டத்திலும் கூட வேண்டும் தோழர்களே. நாளைக் காலை பெரட்டுக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் கையில் இருக்கட்டும்.